கையால் அளந்த உடம்பு

பதினொன்றரை மணிக்கு அந்தச் சின்ன அறையில் இருந்தவர்கள் இவர்கள்:

தீக்காயப் பிரிவின் பெரிய டாக்டர். நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்தார். கெட்ட செய்தியை உட்கார்ந்து சொன்னால் எழுந்து போக முடியாது என்பது அந்த அம்மாள் இருபது வருடத்தில் கற்றுக்கொண்டது.

மயக்க மருந்து டாக்டர். பிரிவில் அவருக்குத் 'தூக்கம்' என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாய்லர்காரரின் மனைவி. மடியில் ஒரு துணிப்பை. யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்பதுபோல் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

பாய்லர்காரரின் தம்பி. லாரி ஓட்டுகிறவன். செய்தி கேட்ட இடத்திலேயே லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்தான். அது எங்கே நிற்கிறது என்று இப்போது கேட்டால் அவனுக்கே தெரியாது.

பென்சில்.

பாய்லர்காரர் அங்கே இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மூன்றாம் கட்டிலில், தொண்டையில் குழாயோடு படுத்திருந்தார். ஆனாலும் ஒரு விதத்தில் அவர் மேசைமேல் இருந்தார். ஒரு தாள். அதில் அச்சடித்த இரண்டு மனித உருவங்கள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மார்பு, தோள்கள், வயிறு, தொடைகள் என்று திட்டுத் திட்டாகச் சிவப்புப் பென்சில் தீட்டியிருந்தது. இடுப்பில் பெல்ட் கட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக ஒரு பட்டை.

தீட்டியவள் பென்சில். நர்ஸாக வந்து பதினாறு வருடம். எரிந்த உடம்பு எது வந்தாலும் முதலில் அதைச் சுற்றி வந்து, எங்கே எவ்வளவு வெந்திருக்கிறது என்று தாளில் தீட்டிக் கொடுப்பது அவள் வேலை. வெறுமனே கன்றிச் சிவந்த தோலுக்கு நீலப் பென்சில். அது கணக்கில் சேராது. ஆழமாக வெந்ததற்குச் சிவப்பு. பெயர் அப்படி வந்தது. ஆளும் ஒல்லிக்குச்சி என்பதால் ஒட்டிக்கொண்டது. அவள் சொன்ன அளவை யாரும் திரும்பச் சரிபார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அம்பத்தி நாலு வயசு," என்றார் பெரிய டாக்டர். "உடம்புல நூத்துக்கு அறுபத்தொண்ணு வெந்திருக்கு. புகை உள்ள போயிருக்கு, அதுக்குப் பதினேழு. மூணையும் கூட்டினா நூத்தி முப்பத்திரண்டு."

பாய்லர்காரரின் மனைவி பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இங்க நாங்க நூத்தி முப்பதுல ஒரு கோடு வச்சிருக்கோம்மா. அதுக்குக் கீழ இருந்தா ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் வெந்த தோலை எடுத்துட்டு, நல்ல தோலை எடுத்து ஒட்டுவோம். ஒரு தடவை இல்ல, எட்டு தடவை, பத்து தடவை. அதுக்கு மேல போனா அப்படிச் செய்யறதில்ல. செஞ்சா அவருக்குக் கஷ்டம்தான் மிஞ்சும். வலி தெரியாம, மூச்சு முட்டாம, பக்கத்துல நீங்க இருக்கற மாதிரி பாத்துக்குவோம்."

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டான் தம்பி.

"நாள் கணக்கு இல்ல."

பாய்லர்காரரின் மனைவி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டுதானே கூட," என்றாள்.

"என்னம்மா?"

"நூத்தி முப்பதுக்கு ரெண்டுதானே கூட. இவரு வயசே எங்க மாமியார் சும்மா குத்துமதிப்பாச் சொன்னது. அம்பத்தி ரெண்டாக் கூட இருக்கும். எழுதிக்கோங்க, அம்பத்தி ரெண்டு."

"அப்படி இல்லம்மா..."

"அப்புறம் எப்படி? மார்க் கூடினா ஃபெயிலு, குறைஞ்சா பாஸா? என்ன பரீட்சை இது?"

தூக்கம் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "கோடுன்னு ஒண்ணு எங்கயாவது போட்டுத்தானே ஆகணும். பன்னெண்டரை வரைக்கும் தியேட்டர் ஆளுங்க இருப்பாங்க. அதுக்கப்புறம் நான் அவங்களை அனுப்பிடணும். அதுக்குள்ள போய் அவரைப் பாருங்க. ஒரு மணிக்கு அவரைக் கடைசி ரூமுக்கு மாத்துவோம். அமைதியா இருக்கும்."

சொல்லிவிட்டுத் தாளை மடிக்கக் கை நீட்டினார். லாரிக்காரன் சட்டென்று தன் கையை அதன்மேல் வைத்தான். அடிக்கவில்லை, வைத்தான். பூட்டுப் போட்டது போல இருந்தது.

"மடிக்காதீங்க மேடம். மடிச்சா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

பென்சில் அந்தக் கையைப் பார்த்தாள். விரித்து வைத்த கை முன்பக்க உருவத்தைத் தலை முதல் கால் வரை மூடியிருந்தது. கட்டைவிரல் மட்டுமே அவளுடைய இரண்டு விரல் தடிமன்.

"தம்பி, கையை எடுங்க," என்றார் தூக்கம், ஆறுதலாக. "அப்பா, என்ன கை இது! முறம் மாதிரி."

"இதுவா?" லாரிக்காரனுக்குக் குரல் உடைந்தது. "எங்க அண்ணன் கையைப் பாக்கலையே நீங்க. அடிச்சாருன்னா மூணு நாளைக்கு விரல் பதிஞ்சு கிடக்கும். எங்க வீட்டுல என் கைதான் சின்னது."

பென்சில் தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

*

அவள் அறையை விட்டு வெளியே வந்து துணிகள் அடுக்கும் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வலது கையை முகத்துக்கு நேரே விரித்துப் பார்த்தாள்.

பிரிவில் மிகச் சின்ன கையுறை அவளுக்குத்தான். அவளுக்கென்று தனிப் பெட்டி வாங்குவார்கள். வேறு யாருக்கும் அது நுழையாது என்பதால் எத்தனை மாதமானாலும் தீராது. பாப்பா கை என்று தூக்கம் கேலி செய்வார்.

மனிதனின் கை, உள்ளங்கையும் விரல்களும் சேர்த்து, அவன் உடம்புத் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அவனவன் கை, அவனவன் உடம்புக்கு. அதனால் பென்சில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஆள் வந்ததும் அவர் கையைக் கையுறைப் பெட்டியின் அட்டைமேல் வைத்து, சுற்றி வரைந்து, கத்தரித்துக்கொள்வாள். அந்த அட்டைக் கையை உடம்பில் திட்டுத் திட்டாக வைத்து எண்ணுவாள். திட்டுகளாக வெந்த உடம்புக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. பாய்லர்காரர் உடம்பு முழுக்கத் திட்டுகள்தான். சலவை ஆலையில், காலை ஆறு மணிக்கு, அடுப்பின் கதவைத் திறந்ததும் நெருப்பு வெளியே பாய்ந்திருந்தது. பெல்ட், பூட்ஸ், தடித்த கால்சட்டையின் மடிப்புகள் என்று எவையெவை காப்பாற்றினவோ அவை தப்பின. மீதி வெந்தது.

ஆனால் அவர் வந்தபோது இரண்டு கையும் மணிக்கட்டு வரை பொட்டலமாக இருந்தன. இரும்புக் கதவை வெறுங்கையால் பிடித்துத் தள்ளி மூடியவர் அவர்தான். ஆலையிலேயே யாரோ கட்டுப் போட்டுவிட்டார்கள். கட்டைப் பிரிக்க வேண்டாம், தியேட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே அவசரப் பிரிவில் எழுதியிருந்தார்கள். மேலே தூக்கம் கத்திக்கொண்டிருந்தார்: "எவ்வளவு? எவ்வளவு? நம்பர் சொன்னாத்தானே தண்ணி ஏத்த முடியும்!" பென்சில் யோசிக்கவே இல்லை. தன் கையை விரித்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவசரத்தில் வாசலில் கிடக்கும் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு ஓடுவதைப் போல.

அறுபத்தொன்று. அறுபத்தொன்று பாப்பா கைகள்.

படுக்கை விரிப்பு அடுக்கில் கையை ஊன்றிக்கொண்டாள்.

சும்மா இருந்துவிடலாம். அந்த நினைப்பு தெளிவாகவே வந்தது, அவள் அதை விரட்டவும் இல்லை. சும்மா இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மணிக்குக் கடைசி அறை. மருந்து. நாளைக்கோ நாளை மறுநாளோ அவர் செத்துப்போவார். செத்துப்போனதும் நூற்று முப்பத்திரண்டு என்ற எண் சரியாகிவிடும். கோட்டுக்கு மேலே போன யாரும் இந்தப் பிரிவில் பிழைத்ததில்லை. பிழைக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டால் எப்படிப் பிழைப்பார்கள்? இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்க ஒரு பிணம்கூட வாயைத் திறக்காது.

அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. இதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்? அதை எண்ண ஆரம்பித்தாள். மூன்றாவது முகம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது. தூக்கம் தலையை நீட்டினார்.

"பென்சில், இங்கயா இருக்க? என்ன, அழறியா?"

"இல்ல டாக்டர்."

"சரி, அழாத. எனக்கு ஒரு சந்தேகம். உன் ஆளு மூணாம் கட்டில், கிளாஸ் கிளாஸா மூத்திரம் போறாரு. அறுபத்தொண்ணுன்னு கணக்குப் போட்டுத்தான் தண்ணி ஏத்தினேன். அவ்வளவு வெந்திருந்தா அந்தத் தண்ணி உடம்புலயே ஊறிப் போகணும். இவரு என்னடான்னா கல்யாண வீட்டுல ஜூஸ் குடிச்ச ஆளு மாதிரி போறாரு. முகமும் உப்பிட்டு வருது. நான் தண்ணியைக் குறைச்சிட்டேன். சும்மா சொன்னேன்." போகத் திரும்பினார். பிறகு நின்றார். "ஏன் அப்படிப் பாக்கற?"

வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. அவரிடம் சொன்னால் சிரிப்பார், பெரிய டாக்டரிடம் போவார், கையில் ஆதாரம் இருக்காது. நான் என் கையால் அளந்துவிட்டேன் என்று சொல்லலாம். அவர் கை எவ்வளவு என்று கேட்டால்? கட்டைப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கை இந்நேரம் வீங்கி இரண்டு மடங்காகியிருக்கும். வீங்கின கையால் அளந்தால் எண் அநியாயத்துக்குக் குறையும். பெரிய டாக்டர் ஒரே பார்வையில் தூக்கிப் போட்டுவிடுவார். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் அளந்து என்ன புண்ணியம்?

வீங்காத கை வேண்டும். இன்று காலை ஐந்தே முக்காலுக்கு இருந்த கை.

"ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றாள். "பத்து நிமிஷத்துல வரேன். எங்கயும் போயிடாதீங்க."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

*

மூன்றாம் கட்டிலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகவில்லை. லாரிக்காரன் பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணி. ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவோம்."

"நீ போ. நான் பாத்தா அப்புறம் மாத்திடுவாங்க. பாக்கற வரைக்கும் மாத்த மாட்டாங்க இல்ல?"

"அக்கா," என்றாள் பென்சில். "இந்தப் பை அவரோடதா? ஆலையிலேர்ந்து வந்ததா?"

அந்தப் பெண்ணின் பிடி இறுகியது. "ஆமா. அதுக்கு என்ன?"

"உள்ள அவரு கையுறை இருக்கா? வேலைக்குப் போட்டுக்கறது?"

"எதுக்கு?"

"கொஞ்சம் வேணும்."

"எதுக்குன்னு கேக்கறேன்." அவள் எழுந்துவிட்டாள். "இன்னும் மூச்சு இருக்கு அவருக்கு. அதுக்குள்ள துணிமணி, கையுறைன்னு பங்கு பிரிக்க வந்துட்டீங்களா? கையெழுத்து வாங்கிட்டு மூட்டை கட்டிக் குடுப்பீங்களே, அதுவா இது? நான் தர மாட்டேன். அவரு வந்து கேப்பாரு, அவர்கிட்டக் குடுப்பேன்."

"அண்ணி, கத்தாதீங்க."

"நீ சும்மா இரு."

நடைபாதையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பென்சிலுக்குக் காது சூடானது. இந்தப் பெண்ணிடம் சுற்றி வளைத்தால் ஒரு மணி ஆகிவிடும். ஆறுதல் சொல்லும் குரல் அவளுக்கு எப்போதுமே வராது. அதற்காகவே அவளை அளவெடுக்க விட்டிருந்தார்கள்.

"அக்கா, நான் தப்பா அளந்துட்டேன்," என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அந்தத் தாள்ல தீட்டினது நான்தான். அவரு கையால அளக்கணும். கட்டுப் போட்டிருந்துச்சு, என் கையால அளந்துட்டேன். பாருங்க." கையை நீட்டினாள். "என் கை சின்னது. சின்னப் படியால அளந்தா கூட வரும்ல? அதான் அறுபத்தொண்ணு வந்திருக்கு. குறையும்னு நினைக்கறேன். எவ்வளவுன்னு தெரியாது. அவரு கை எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சாத்தான் தெரியும். நாப்பது நிமிஷம் இருக்கு."

லாரிக்காரனின் முகம் கறுத்தது. "ஏம்மா! ஒரு உசிரு விஷயத்துல..."

"அப்புறம் திட்டுங்க. இப்ப நேரம் இல்ல."

மனைவி திட்டவில்லை. பென்சிலின் கையைப் பிடித்துத் தன் கையோடு பொருத்திப் பார்த்தாள். பிறகு பையை பெஞ்சில் கவிழ்த்தாள். ஒரு மாற்றுச் சட்டை, சீப்பு, சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, கடைசியில் ஒரு ஜோடி தோல் கையுறை. கரியும் எண்ணெயும் ஊறிப் பலகையாக விறைத்திருந்தன. ஐந்து விரலிலும் நுனி வெட்டப்பட்டிருந்தது.

"இது ஏன் இப்படி?"

"கடையில கிடைக்கறதுலயே பெரிய சைஸ் இதுதான். அவருக்குப் பத்தாது. விரல் மடங்கிக்கும். அதனால நுனியை வெட்டிட்டுத்தான் போடுவாரு. என் கத்தரிக்கோலைத்தான் எடுப்பாரு, மொக்கையாக்கி வச்சிருக்காரு." சொல்லிவிட்டு அவள் அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். கத்தரிக்கோலுக்காக.

லாரிக்காரன் கையுறையை வாங்கித் தன் கையில் மாட்டினான். தொளதொளவென்று சுற்றியது. வெட்டுப்பட்ட ஓட்டைகளில் அவன் விரல் நுனி அரை நகம் எட்டிப் பார்த்தது. "அண்ணனுக்கு இங்க வரைக்கும் வெளிய நிக்கும்," என்று விரலின் மேல்கணுவைத் தொட்டுக் காட்டினான். "இதுல அவருக்கு இடமே இருக்காது. பிதுங்கிக்கிட்டு இருக்கும்."

பென்சில் கையுறையைத் தட்டையாக்கி ஒரு பெட்டி அட்டைமேல் வைத்து வரைந்தாள். வெட்டின நுனியோடு நிறுத்தினாள். தையல் விளிம்பை உள்ளே தள்ளி வரைந்தாள். வெளியே நிற்கும் விரலைச் சேர்க்கவில்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் பாய்லர்காரரின் கை இதைவிடச் சின்னதாக இருக்க வழியே இல்லை. அதுதான் அவளுக்கு வேண்டும். கத்தரித்தாள். அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு அட்டை தெரிந்தது.

"பிழைச்சிடுவாரா?" என்றாள் மனைவி.

"தெரியாது."

"குறையும்னு சொன்னீங்களே."

"எண் குறையும். பிழைக்கறது வேற."

*

பாய்லர்காரரின் உடம்பைக் காயத்தின்மேல் ஒட்டாத கண்ணாடித்தாள் போன்ற பிளாஸ்டிக்கால் சுற்றியிருந்தார்கள். அதன் வழியே எல்லாம் தெரிந்தது. பென்சில் அட்டைக் கையை அவர் மார்பில் வைத்தாள். தோள். விலா. இதுவரை நாலு. பின்பக்கம் பார்க்க ஆளைச் சாய்க்க வேண்டும். கட்டில் தள்ளுகிறவரும் இன்னொரு நர்ஸும் வந்து பிடித்தார்கள்.

பாதி எண்ணும்போதே அவளுக்கு வியர்த்தது. இடது தொடையில் ஒரு திட்டு. வெளியே சிவப்பு, நடுவில் வெள்ளை. காலையில் அதைச் சிவப்புப் பென்சிலால் முழுக்கத் தீட்டியிருந்தாள். இப்போது அதன் ஓரத்தை நீலமாகப் பார்க்கத் தோன்றியது. பார்க்கலாமா? பார்க்க விரும்புவதால் அப்படித் தெரிகிறதா? காலையில் அவள் கைதான் தப்பு செய்தது, இப்போது கண்ணும் சேர்ந்துகொள்ளப் பார்க்கிறது. குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எண்ணுகிறவளின் எண்ணை யார் நம்புவது? அவளே நம்பவில்லை.

திட்டு முழுவதையும் சிவப்பாகவே வைத்தாள். முடித்தாள். எண்ணை ஒரு சீட்டில் எழுதி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு பத்து.

"டாக்டர்," என்று தூக்கத்தைக் கூப்பிட்டாள். அட்டையைக் கொடுத்தாள். "இதால எண்ணுங்க. ஆழமா வெந்தது மட்டும்."

"ஏன்? நீ எண்ணியாச்சே."

"எண்ணுங்க. ஏன்னு கேக்காதீங்க. கேட்டா நம்பர் மாறிடும்."

அவர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். தன் கையை அதன்மேல் வைத்தார். பிறகு பென்சிலின் கையைப் பார்த்தார். அந்த மனிதருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேலி செய்ய வந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. குனிந்து எண்ண ஆரம்பித்தார். அவருக்குப் பழக்கமில்லாத வேலை. ஒரு தடவை எண்ணிக்கை தப்பி, வாய்க்குள் திட்டிக்கொண்டு, வயிற்றை மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பென்சில் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு பதினேழு. பதினெட்டு.

"நாப்பத்தி ஒம்பது," என்றார்.

அவள் சீட்டைப் பிரித்துக் காட்டினாள். நாற்பத்தேழு.

"நீ போய்ச் சொல்லு," என்றார் தூக்கம். "நான் சொன்னா உனக்கு அசிங்கம்."

*

பெரிய டாக்டர் தியேட்டர் வாசலில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். ஆட்களை அனுப்பச் சொல்லத்தான் பேசுகிறார் என்பது தெரிந்தது. பென்சில் குறுக்கே போய் நின்றாள். பதினாறு வருடத்தில் அவர் ஃபோன் பேசும்போது அவள் குறுக்கே போனதில்லை.

சொன்னாள். நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். கட்டு, அவள் கை, கையுறை, நாற்பத்தேழும் நாற்பத்தொன்பதும்.

பெரிய டாக்டர் ஃபோனை அணைக்காமலே கையை இறக்கினார். அதற்குள்ளிருந்து யாரோ "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்கள்.

"அட்டையைக் குடு."

அவர் தானே போய் எண்ணினார். நிதானமாக. ஒவ்வொரு திட்டிலும் நின்று, விரலால் லேசாக அமுக்கி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்து. தொடையில் இருந்த அந்தத் திட்டில் ஓரத்தை விட்டுவிட்டார், இன்னொரு இடத்தில் பென்சில் விட்டதைச் சேர்த்துக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே மனைவி நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை அட்டை நகரும்போதும் அவள் உதடும் நகர்ந்தது. அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தெட்டு," என்றார் பெரிய டாக்டர். "அம்பத்தி நாலு, நாப்பத்தெட்டு, பதினேழு. நூத்திப் பத்தொம்பது." ஃபோனைக் காதில் வைத்தார். "யாரும் போகாதீங்க. ஒரு மணிக்கு மூணாம் கட்டில். ஆமா, அதே ஆளுதான். காரணம் அப்புறம் சொல்றேன். ஹீட்டரைப் போடுங்க."

அணைத்துவிட்டுப் பென்சிலிடம் திரும்பினார்.

"எத்தனை பேரு?"

என்ன கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. "கட்டோட வந்தவங்களா? தெரியல டாக்டர். எல்லாரையும் இப்படி அளக்கலை. அவசரத்துல சில பேரை."

"சில பேருன்னா?"

"எனக்கு மூணு முகம் ஞாபகம் வருது."

பெரிய டாக்டர் அட்டைக் கையைப் புரட்டிப் பார்த்தார். "நானும்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றார். "ஒரு தடவை கூட எதால அளந்தன்னு கேக்கலை. நாளைக்குக் காலையில பழைய தாளெல்லாம் எடுத்து வை. எல்லாம். நானும் நீயும் உக்காந்து பாப்போம். அதுக்கப்புறம் உன்னை என்ன பண்றதுன்னு பாப்போம், என்னை என்ன பண்றதுன்னும் பாப்போம்."

"சரி டாக்டர்."

"இப்ப கை கழுவி ஸ்க்ரப் பண்ணிட்டு உள்ள வா."

"நானா?"

"நீதான். எங்க ஆழம், எங்க இல்லைன்னு மையால கோடு போட்டுக் குடு. எனக்கு ரெண்டு மணி நேரம்தான் இருக்கு, அதுக்குள்ள எவ்வளவு எடுக்க முடியுமோ எடுக்கணும். இன்னிக்கு நீ தேடிக் கண்டுபிடிச்சுட்டு வெளிய நின்னு நகத்தைக் கடிக்கறதா?"

மனைவியிடமும் தம்பியிடமும் பெரிய டாக்டரே போய்ச் சொன்னார். பென்சில் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டாள். இனிப்பு எதுவும் தடவாமல்தான் சொன்னார். கோட்டுக்குக் கீழே வந்துவிட்டார், அதனால் முயற்சி செய்கிறோம். இந்த எண்ணோடு இங்கே வந்த மூன்று பேரில் ஒருவர்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். மேசையிலேயே போகலாம். மூன்று வாரம் கழித்துக் கிருமி வந்து போகலாம். பிழைத்தாலும் அந்தக் கைகள் பழைய கைகளாக இருக்காது.

"மூணுல ஒண்ணு," என்றாள் மனைவி. காலையில் கேட்டிருந்தால் இடிந்து விழுந்திருப்பாள். இப்போது ஒரு தடவை தலையாட்டினாள். "காலையில பூஜ்யம். பரவாயில்ல."

"இந்தம்மா தப்பா அளந்துட்டு இப்ப..." என்று ஆரம்பித்தான் லாரிக்காரன்.

"நீ லாரியை எங்க விட்டன்னு முதல்ல யோசி," என்றாள் அண்ணி. அவன் பையைத் தடவிச் சாவியைத் தேடினான்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தியேட்டர் வாசலில் சக்கரம் ஒன்று தடுக்கியது. தள்ளுகிறவர் காலால் உதைத்து நேராக்கினார். மனைவி கூடவே நடந்துவந்தாள். போர்வைக்கு வெளியே இருந்த ஒரே நல்ல இடம் பாதம், பூட்ஸ் காப்பாற்றியது. அதைத் தொட்டாள். அவர் காதில் எதுவும் சொல்லவில்லை. பென்சிலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"உங்க பேரு என்னன்னு கூடத் தெரியாது. உங்களைக் கும்பிடவா, சபிக்கவான்னும் தெரியல. சாயங்காலம் சொல்றேன்."

"சரிக்கா."

"கையுறையைக் குடுங்க."

பென்சில் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைத் துணிப்பைக்குள் திரும்ப வைத்தாள், சட்டைக்கும் சீப்புக்கும் நடுவில், இருந்த இடத்திலேயே.

உள்ளே அனல் அடித்தது. தோல் இல்லாத உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது என்று அந்தத் தியேட்டரைக் கொதிக்கக் கொதிக்க வைத்திருப்பார்கள். யாராவது கதவைத் திறந்தால் சூடு போய்விடும் என்பதால் வேலை முடிகிறவரை பூட்டியே வைப்பது அங்கே வழக்கம். தூக்கம் ஏற்கனவே வியர்வையில் நனைந்து தலைமாட்டில் நின்றார். மேசைமேல் ஒரு பெட்டி கையுறை இருந்தது, சின்ன சைஸ். யாரோ ஞாபகமாக எடுத்து வைத்திருந்தார்கள்.

பென்சில் உள்ளே கால் வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது இரண்டு கதவுக்கும் நடுவே கையகல இடைவெளியில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. பின்னாலிருந்தவர் கதவைத் தள்ளினார். முகம் பாதியானது, கோடானது, போய்விட்டது. சாவி இரண்டு சுற்று சுற்றியது.